யூஜெனியோ மோன்டி: நாற்பதாவது வயதில் கைக்கு வந்த தங்கம்

யூஜெனியோ மோன்டி 1928ஆம் ஆண்டு ஜனவரி 23 அன்று இத்தாலியின் வடகோடியில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய தோப்யாக்கோ என்ற மலையூரில் பிறந்தார். அவருடைய வாழ்வும் தொழிலும் புகழும் வேர்பிடித்தது அங்கிருந்து சற்றுத் தெற்கே, டோலமைட் மலைகள் சூழ்ந்த கோர்ட்டினா தம்பேட்ஸோவில். ஒன்பது உலகப் பட்டங்களும் இரண்டு ஒலிம்பிக் தங்கங்களும் வென்ற பாப்ஸ்லெட் ஓட்டி அவர். இந்த விளையாட்டின் வரலாற்றில் அவரைத் தாண்டிப் போக இன்னொருவருக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அவருடைய முதல் காதல் பாப்ஸ்லெட் அல்ல, பனிச்சறுக்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டுகளில் இத்தாலியின் சிறந்த இளம் சறுக்கு வீரர்களில் ஒருவராக அவர் எழுந்தார். அப்போது அந்நாட்டின் பெரிய பெயர் சேனோ கோலோ. பின்னர் 1952 ஒஸ்லோ ஒலிம்பிக்கில் சரிவோட்டத் தங்கம் வென்ற அந்தக் கோலோவுக்கு அடுத்து யார் என்ற பேச்சில் மோன்டியின் பெயரும் அடிபட்டது. தலைமுடி சிவப்பு, சரிவில் இறங்கும் வேகமோ அச்சமற்றது. விளையாட்டு எழுத்தாளர் ஜான்னி பிரேரா அவருக்கு 'பறக்கும் செந்தலையன்' என்று பட்டப்பெயர் சூட்டினார். இத்தாலியில் இன்றும் அவரை அந்தப் பெயரால்தான் நினைக்கிறார்கள்.

1951இல் செஸ்ட்ரியேரே மலையில் பயிற்சியின்போது விழுந்ததில் அவருடைய இரண்டு முழங்கால்களிலும் தசைநார்கள் கிழிந்தன. இன்றைக்கு அப்படியொரு காயத்துக்கு அறுவை சிகிச்சை செய்து, ஓராண்டு மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்து, வீரரை மறுபடி களத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அன்றைய மருத்துவத்தில் அதற்கு வழி இல்லை. இருபத்து மூன்று வயதில் சறுக்கு வாழ்க்கை முடிந்தது. வேகத்தில் பழகிய உடம்பும் மனமும் இருந்தன. முழங்கால்கள் மட்டும் ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்தபடியே மலையிறங்கக்கூடிய விளையாட்டு ஒன்று கோர்ட்டினாவிலேயே இருந்தது. அவர் அதற்கு மாறினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் குளிர்காலம் கழிக்க வந்த விருந்தினர்கள் தொடங்கிவைத்த பொழுதுபோக்கு பாப்ஸ்லெட். 1923இல் அதற்கு உலகக் கூட்டமைப்பு அமைந்தது. 1924இல் ஷாமொனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே நால்வர் பிரிவு இடம்பெற்றது. இருவர் பிரிவு 1932இல் சேர்ந்தது. பனிக்கட்டியால் ஆன, சரிந்து வளைந்து போகும் தடத்தில் எஃகுச் சட்டங்களின் மேல் நிற்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, வேகம் பிடித்ததும் ஒவ்வொருவராக உள்ளே தாவி அமர வேண்டும். முன்னால் இருப்பவர் ஓட்டி, பின்னால் இருப்பவர் பிரேக்மேன். பிரேக்மேனின் முக்கிய வேலை தொடக்கத்தில் முழு வலுவோடு தள்ளுவதும், முடிவுக் கோட்டைத் தாண்டியபின் வண்டியை நிறுத்துவதும். நடுவழியில் பிரேக்கைத் தொட்டால் நேரமும் போகும், தடமும் கெடும்.

ஓட்டியின் வேலை வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. வண்டிக்கு எஞ்சின் கிடையாது. மேலிருந்து கீழே வரும் உயரம் ஒன்றுதான் எரிபொருள். தள்ளிவிட்ட பிறகு வேகத்தைக் கூட்ட யாராலும் முடியாது, இருப்பதை இழக்காமல் காக்க மட்டுமே முடியும். ஒவ்வொரு வளைவிலும் வண்டி எந்த உயரத்தில் ஏறி எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பதற்கு ஒரு கோடு உண்டு. சீக்கிரம் இறங்கினால் அடுத்த சுவரில் இடிக்கும், தாமதமாக இறங்கினால் கவிழும். சரியாக இறங்கியவர் பத்தில் ஒரு பங்கு நொடியைச் சேமிப்பார். போட்டி முடிவதும் அந்த அளவில்தான். தடத்தை மனப்பாடம் செய்து, கண்ணுக்கு எட்டும் முன்பே கையை அசைக்கத் தெரிந்தவரே நல்ல ஓட்டி. சரிவில் கோடு பிடிப்பதைச் சறுக்கிலேயே கற்றிருந்த மோன்டிக்கு இது புதிய பாடமாக இருக்கவில்லை.

காலமும் அவருக்குக் கைகொடுத்தது. 1952 வரை கனமான ஆட்களுக்கே இந்த விளையாட்டில் சாதகம். எடை கூடினால் இறக்கத்தில் வேகம் கூடும். ஒஸ்லோவில் அண்டர்ல் ஓஸ்ட்லர் தலைமையிலான மேற்கு ஜெர்மனி அணி மிகப் பருமனான நால்வரை ஏற்றிக்கொண்டு தங்கம் வென்றது. அதைக் கண்ட கூட்டமைப்பு வண்டியும் ஆட்களும் சேர்ந்த எடைக்கு வரம்பு விதித்தது. அதன்பின் உடம்பின் பருமனைவிட ஓட்டியின் நுட்பத்துக்கும் பிரேக்மேனின் கால்வேகத்துக்கும் மதிப்பு ஏறியது. மோன்டி போன்ற விளையாட்டு வீரர்களின் காலம் அந்த விதியோடுதான் பிறந்தது எனலாம்.

1956இல் குளிர்கால ஒலிம்பிக் அவருடைய சொந்த ஊருக்கே வந்தது. கோர்ட்டினா தடத்தின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு அத்துப்படி. இருந்தும் இருவர் பிரிவில் ரென்சோ அல்வெராவோடு இறங்கிய அவருக்கு வெள்ளியே கிடைத்தது. முந்தியவர் அதே நாட்டின் லம்பேர்த்தோ தல்லா கோஸ்தா, ஒரு போர் விமானி. நான்கு ஓட்டங்களின் கூட்டு நேரத்தில் இடைவெளி 1.31 நொடி. நால்வர் பிரிவிலும் சுவிட்சர்லாந்தின் பிரான்ஸ் கபூஸ் அணிக்கு அடுத்து வெள்ளி. இருபத்தெட்டு வயதில், புதிய விளையாட்டில் இரண்டு ஒலிம்பிக் வெள்ளி என்பது எவருக்கும் பெருமைதான். ஆனால் சொந்தத் தடத்தில் தங்கம் நழுவியது சிறிய விஷயம் அல்ல. அந்தக் கணக்கைத் தீர்க்க அவர் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஐந்தாண்டுகளில் உலகப் போட்டிகளில் அவருக்கு நிகராக யாரும் இல்லை. 1957 செயின்ட் மோரிட்ஸ், 1958 கார்மிஷ்-பார்டன்கிர்ஷன், 1959 மீண்டும் செயின்ட் மோரிட்ஸ், 1960 கோர்ட்டினா, 1961 அமெரிக்காவின் லேக் பிளாசிட் என்று இருவர் பிரிவில் தொடர்ந்து ஐந்து பட்டங்கள். முதல் நான்கில் பின்னால் அமர்ந்தவர் அல்வெரா, ஐந்தாவதில் செர்ஜியோ சியோர்பயேஸ். 1960இலும் 1961இலும் நால்வர் பட்டமும் சேர்ந்துகொண்டது. ஐந்து ஆண்டுகளில் ஏழு உலகத் தங்கங்கள்.

இந்த உச்சத்தின் நடுவில்தான் 1960 ஒலிம்பிக் வந்தது, அவருக்குப் பயன்படாமல். கலிபோர்னியாவின் ஸ்குவா வேலியில் போட்டி நடத்தியவர்கள் பாப்ஸ்லெட் தடம் கட்ட மறுத்துவிட்டார்கள். ஒன்பது நாடுகளே பங்கேற்க விருப்பம் தெரிவித்த நிலையில் அவ்வளவு செலவு தகாது என்பது அவர்கள் வாதம். குளிர்கால ஒலிம்பிக் வரலாற்றில் பாப்ஸ்லெட் இல்லாமல் நடந்தது அந்த ஒரே முறைதான். அந்த ஆண்டு கோர்ட்டினாவில் நடந்த உலகப் போட்டியில் மோன்டி இருவர், நால்வர் இரண்டையும் வென்றார் என்பதை வைத்துப் பார்த்தால், ஸ்குவா வேலியில் தடம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. ஒரு விளையாட்டு வீரரின் மிகச் சிறந்த ஆண்டுகளில் ஒலிம்பிக் நான்காண்டுக்கு ஒருமுறையே வருகிறது; அந்த ஒருமுறையும் கதவடைத்தால் அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

மோன்டியின் போட்டியாளர்களில் சிலர் அவர் ஊர்க்காரர்களே. கோர்ட்டினாவில் பிறந்த செர்ஜியோ சர்தீனி அவர்களில் முதன்மையானவர். 1963இல் ஆஸ்திரியாவின் இக்ல்ஸில் நடந்த உலகப் போட்டியில் இருவர் பட்டம் மோன்டி, சியோர்பயேஸ் இணைக்கும், நால்வர் பட்டம் சர்தீனி அணிக்கும் போயின. உலகின் மிகச் சிறந்த இரண்டு ஓட்டிகள் ஒரே மலையூரில் வாழ்ந்தார்கள். வண்டி செய்பவர்கள், சட்டம் தீட்டுபவர்கள், அச்சு பூட்டுபவர்கள் என்று இந்த விளையாட்டைச் சுற்றி அங்கே ஒரு பட்டறைக் கலாச்சாரமே இருந்தது. மோன்டியின் அடுத்த அத்தியாயத்தை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1964 இன்ஸ்புருக் ஒலிம்பிக். பனி விழாத குளிர்காலம் அது. தடம் அமைக்க ஆஸ்திரிய ராணுவ வீரர்கள் மலையுச்சியில் பனிக்கட்டிகளைச் செங்கல் போல் வெட்டி, ஆயிரக்கணக்கில் கீழே சுமந்து வந்தார்கள். இக்ல்ஸ் தடத்தில் இருவர் பிரிவு தொடங்கியபோது தங்கத்துக்கு முதலில் சொல்லப்பட்ட பெயர் மோன்டியுடையது. ஆனால் முதல் நாளிலேயே பிரிட்டனின் டோனி நாஷ், ராபின் டிக்சன் இணை முன்னணியில் நெருங்கி நின்றது. பிரிட்டனில் பாப்ஸ்லெட் தடமே கிடையாது. இவர்கள் ஆல்ப்ஸ் மலைகளுக்கு வந்து வந்து கற்றவர்கள்.

முதல் ஓட்டம் முடிந்து இரண்டாவதற்குத் தயாராகும்போது அவர்கள் வண்டியின் பின் அச்சைப் பிடித்திருந்த போல்ட் முறிந்திருப்பது தெரிந்தது. விரல் அளவுள்ள ஓர் இரும்புத் துண்டு. அது இல்லாவிட்டால் பின் சட்டங்கள் நிலைத்து நிற்காது, வண்டியைத் தடத்தில் இறக்கவே முடியாது. மாற்று போல்ட் கையில் இல்லை, அவர்கள் முறை வர நிமிடங்களே இருந்தன. செய்தி மோன்டியின் காதுக்கு எட்டியது. தன் வண்டியிலிருந்து அந்த போல்ட்டைக் கழற்றித் தர அவர் முன்வந்தார். பிரிட்டன் வண்டி சரியான நேரத்தில் புறப்பட்டது.

நான்கு ஓட்டங்களின் முடிவில் நாஷ், டிக்சன் இணையின் கூட்டு நேரம் 4 நிமிடம் 21.90 நொடி. இரண்டாவது சர்தீனியும் ரொமானோ பொனகூராவும், 4:22.02. மூன்றாவது மோன்டியும் சியோர்பயேஸும், 4:22.63. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே நூறில் பன்னிரண்டு பங்கு நொடி. அந்த போல்ட் கிடைக்காமல் போயிருந்தால் தங்கம் இத்தாலிக்கு வந்திருக்கும். ஆனால் அது மோன்டிக்கு அல்ல, சர்தீனிக்கு. பலரும் இதைச் சொல்லும்போது மோன்டி தன் தங்கத்தையே தாரை வார்த்தது போலச் சொல்லிவிடுகிறார்கள். போல்ட்டைக் கொடுத்த நேரத்தில் யார் எந்த இடத்தில் முடிப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது, அவரே வெல்லக்கூடியவராக இருந்தார். கொடுத்த செயலின் அழகு முழுக்க அதில்தான் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் இத்தாலியப் பத்திரிகைகளில் கண்டனமும் எழுந்தது. எதிராளிக்கு உதவி நாட்டின் தங்கத்தைக் கோட்டை விட்டார் என்று எழுதினார்கள். மோன்டியின் பதில் சுருக்கமானது: நாஷ் வென்றது போல்ட் கொடுத்ததால் அல்ல, அவர்தான் மிக வேகமாக வந்தார், அதனால் வென்றார். தன் பெருந்தன்மையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வென்றவரின் வெற்றியைக் குறைத்துப் பேசவும் விடவில்லை. அடுத்த ஆண்டு செயின்ட் மோரிட்ஸில் நாஷும் டிக்சனும் உலகப் பட்டத்தையும் வென்றபோது, அவர் சொன்னது சரி என்று தெரிந்தது.

இதே இன்ஸ்புருக்கில் இன்னொரு முறையும் இப்படி நடந்தது. அது குறைவாகவே பேசப்படுகிறது. நால்வர் பிரிவில் முதன்முதலாகக் களமிறங்கிய கனடா அணி, விக் எமெரி ஓட்ட, முதல் ஓட்டத்திலேயே எல்லோரையும் மிரள வைத்தது. ஆனால் அந்த ஓட்டத்தில் அவர்கள் வண்டியின் அச்சு பழுதாகி, அடுத்த ஓட்டத்துக்குத் தகுதியற்றுப் போகும் நிலை. மோன்டியும் அவருடைய மெக்கானிக்குகளும் வந்து, வண்டியைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டு வேலையில் இறங்கினார்கள். அணி நேரத்துக்குப் புறப்பட்டது, தங்கம் வென்றது. ஆஸ்திரியாவுக்கு வெள்ளி, மோன்டி அணிக்கு மறுபடி வெண்கலம். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையே 0.12 நொடி.

ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு முறை, இரண்டு பிரிவிலும் தன்னைத் தோற்கடித்தவர்களுக்கே அவர் உதவியிருக்கிறார். ஒரு முறை மட்டும் என்றால் அந்த நேரத்து உணர்ச்சி என்று சொல்லலாம். இரண்டாவது முறை அது அவருடைய இயல்பு என்று காட்டிவிடுகிறது. பட்டறைகளுக்கு நடுவே வாழ்ந்த ஒருவருக்குப் பழுதான வண்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாது என்பதும் இதில் ஒரு பங்கு. விளையாட்டுப் பண்புக்கான பியர் தெ கூபெர்த்தான் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் வீரர் என்று பொதுவாக அவரையே குறிப்பிடுகிறார்கள்.

1966ஆம் ஆண்டு இந்த விளையாட்டுக்கே கொடிய ஆண்டு. கோர்ட்டினாவில் நடந்த உலகப் போட்டியில் மோன்டியும் சியோர்பயேஸும் இருவர் பட்டத்தை வென்றார்கள். மோன்டிக்கு அது இருவர் பிரிவில் ஏழாவது, மொத்தத்தில் ஒன்பதாவது. ஆனால் நால்வர் பிரிவில் மேற்கு ஜெர்மனியின் டோனி பென்ஸ்பெர்கர் விபத்தில் இறந்ததால் அந்தப் போட்டி கைவிடப்பட்டது. அதே குளிர்காலத்தில் பிப்ரவரி மாதம் லேக் பிளாசிட் தடத்தில் சர்தீனியும் வண்டி கவிழ்ந்து உயிரிழந்தார். அன்றைய தடங்கள் இயற்கைப் பனியில் அமைந்தவை. வெயில் ஏறினால் மென்மையாகும், இரவில் கண்ணாடியாகும். ஒரே வளைவு காலையில் ஒரு குணமும் மாலையில் ஒரு குணமும் காட்டும். தலையில் இருந்த கவசமும் வண்டியின் முன்மூடியும் தவிர ஓட்டிக்கு வேறு காப்பு எதுவும் இல்லை. மோன்டியின் பட்டங்களைப் படிக்கும்போது இந்த ஆபத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1968 கிரெனோபிள் ஒலிம்பிக் வந்தபோது அவருக்கு வயது நாற்பது. உலகப் பட்டங்கள் ஒன்பது, ஒலிம்பிக்கில் இரண்டு வெள்ளி, இரண்டு வெண்கலம், தங்கம் இல்லை. பாப்ஸ்லெட் தடம் ஆல்ப் துவேஸ் மலையில் கட்டப்பட்டிருந்தது, அதுவும் வெயில் விழும் பக்கத்தில். முந்தைய ஆண்டு உலகப் போட்டியிலேயே அங்கே பனி உருகி, நால்வர் பிரிவை நடத்த முடியாமல் போயிருந்தது. ஒலிம்பிக்கிலும் அதே தொல்லை. பகலில் தடம் தாங்காது என்பதால் சூரியன் எழும் முன், இருட்டில் விளக்கொளியில் ஓட்டங்களை வைத்தார்கள். வீரர்கள் நள்ளிரவுக்குப் பின் எழுந்து மலையேறி, பனி போதுமான அளவு இறுகியிருக்கிறதா என்று நடுவர்கள் சொல்லக் காத்திருப்பார்கள். சில நாட்கள் காத்திருந்துவிட்டுச் சும்மா திரும்பவும் நேர்ந்தது.

இருவர் பிரிவில் மோன்டியின் புதிய பிரேக்மேன் லுச்சானோ தெ பவோலிஸ். எதிரில் மேற்கு ஜெர்மனியின் ஹோர்ஸ்ட் ஃப்ளோத், பெப்பி பாடர் இணை. மூன்று ஓட்டங்கள் முடிந்தபோது ஃப்ளோத் பத்தில் ஒரு பங்கு நொடி முன்னால் இருந்தார். நான்காவதில் மோன்டி 1 நிமிடம் 10.05 நொடியில் இறங்கி வந்தார், அந்தத் தடத்தில் அதுவரை யாரும் வராத வேகம். பின்னால் வந்த ஃப்ளோத் எடுத்துக்கொண்டது 1:10.15. கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் 4 நிமிடம் 41.54 நொடி. மலையில் ஏறக்குறைய ஐந்து நிமிட ஓட்டத்துக்குப் பின் நூறில் ஒரு பங்கு நொடிகூட வித்தியாசம் இல்லை.

சமநிலை ஏற்பட்டால் தனி ஓட்டங்களில் மிக வேகமான நேரம் யாருடையதோ அவருக்கே தங்கம் என்பது அன்றைய விதி. அந்தக் கடைசி ஓட்டத்தின் நேரம் தங்கத்தை மோன்டியிடம் கொண்டுவந்து சேர்த்தது. விதி பின்னாளில் மாறியது. 1998 நகானோவில் கனடாவும் இத்தாலியும், 2018 பியோங்சாங்கில் ஜெர்மனியும் கனடாவும் இதே இருவர் பிரிவில் சமமாக முடித்தபோது இரு அணிகளுக்கும் தங்கம் கொடுத்தார்கள். அந்த விதி 1968இலேயே இருந்திருந்தால் ஃப்ளோத்தும் ஒலிம்பிக் சாம்பியன் ஆகியிருப்பார். புதிய விதியே நியாயமானது; நான்கு ஓட்டங்களின் கூட்டில் சமமாக வந்தவரைத் தோற்றவர் என்பது எளிதில் ஏற்கத்தக்கது அல்ல.

நால்வர் பிரிவைப் பனி உருகல் பாதியாக்கிவிட்டது. நான்கு ஓட்டங்களுக்குப் பதில் இரண்டே நடத்த முடிந்தது. மோன்டி, தெ பவோலிஸ், ரொபேர்த்தோ சந்தொனெல்லா, மரியோ அர்மானோ ஆகிய நால்வரும் ஆஸ்திரியாவை 0.09 நொடியில் முந்தினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் தள்ளிப்போன தங்கம் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டாக வந்தது. அதோடு மோன்டி போட்டியிலிருந்து விலகினார். இத்தாலிய அரசு அவருக்குக் கொமெந்தத்தோரே விருது அளித்துப் பெருமைப்படுத்தியது.

ஓய்வுக்குப் பின் இத்தாலிய அணியை வழிநடத்தும் பொறுப்பை ஏற்றார். கோர்ட்டினாவில் சறுக்குச் சரிவுகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் லிஃப்ட் தொழிலையும் நடத்தினார். கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் அவரைப் பிடித்தது. வண்டியின் போக்கை விரல் நுனியில் உணர்ந்து பழகியவருக்கு அந்த நோய் எவ்வளவு கொடியது என்று விவரிக்கத் தேவையில்லை. தன்னையே மாய்த்துக்கொள்ள முயன்ற அவர், 2003 டிசம்பர் 1 அன்று பெல்லூனோ மருத்துவமனையில் இறந்தார். வயது எழுபத்தைந்து.

அவருடைய உலகப் பட்டச் சாதனையை எட்டியவர் ஜெர்மனியின் பிரான்செஸ்கோ ஃப்ரீட்ரிஹ். 2021இல் இருவர் பிரிவில் ஏழாவது பட்டம் வென்று மோன்டியைத் தொட்ட அவர், நால்வர் பட்டங்களையும் சேர்த்து மொத்தக் கணக்கில் முந்திச் சென்றார். இரு காலங்களையும் நேராக ஒப்பிடுவது எளிதல்ல. ஃப்ரீட்ரிஹ் ஓட்டுவது குளிரூட்டும் குழாய்கள் பதித்த கான்கிரீட் தடங்களில், காற்றுச் சுரங்கத்தில் சோதிக்கப்பட்ட வண்டிகளில். மோன்டிக்கு வானிலையும் ஓர் எதிராளி.

கோர்ட்டினா தடத்துக்குப் பின்னர் மோன்டியின் பெயரையே சூட்டினார்கள். 1981இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றின் துரத்தல் காட்சியும் இந்தத் தடத்தில்தான் எடுக்கப்பட்டது. அந்தப் படப்பிடிப்பில் ஒரு சண்டைக் கலைஞர் உயிரிழந்தார். பராமரிப்புச் செலவு தாங்காமல் 2008இல் தடம் மூடப்பட்டு, பல ஆண்டுகள் புதர் மண்டிக் கிடந்தது. மிலான்-கோர்ட்டினா 2026 ஒலிம்பிக்குக்காக அதே சரிவில் புதிய தடம் கட்ட இத்தாலி முடிவெடுத்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. நூற்றுக்கணக்கான லார்ச் மரங்களை வெட்டுவதைச் சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்தன. அண்டை நாடுகளில் இருக்கும் தடங்களைப் பயன்படுத்தலாமே என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவும் சொல்லிப் பார்த்தது. நூறு மில்லியன் யூரோவுக்கு மேல் செலவிட்டு, 2024 தொடக்கத்தில் ஆரம்பித்த வேலையை ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் முடித்து, 2025 மார்ச்சில் முதல் வண்டிகளை இறக்கினார்கள். பதினாறு வளைவுகள் கொண்ட அந்தப் புதிய தடத்துக்கும் யூஜெனியோ மோன்டி என்றே பெயர்.